அங்கியும் கிரீடமும்: யூதேயாவில் சில நாட்கள்

ஞாயிறு, மோதியின்

விமான நிலையத்திலிருந்து நேராக எருசலேமுக்குப் போகாமல் மோதியினுக்கு வந்தோம். புனிதப் பயணக் குழுக்கள் இங்கே வண்டியை நிறுத்துவதில்லை. குன்றுகள் மேல் அடுக்குமாடிகள் வரிசை கட்டி நிற்கும் புது நகரம். அதன் ஓரத்தில், உம் எல்-உம்தான் என்ற இடத்தில், பழைய யூதக் கிராமம் ஒன்றின் அடித்தளங்கள் கிடக்கின்றன. தூண்கள் நின்ற சிறு ஜெப ஆலயம், பக்கத்தில் படியிறங்கும் சுத்திகரிப்புத் தொட்டி. அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய யூதக் குடும்பமான மக்கபேயரின் சொந்த ஊர் இதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அக்கம்பக்கத்து மேடுகளுக்கும் அந்த உரிமையைக் கேட்பவர்கள் உண்டு.

கி.மு. 167இல், அப்போது யூதேயாவை ஆண்ட கிரேக்க செலூக்கிய வம்சத்து அரசன் நான்காம் அந்தியோகுவின் அதிகாரி மோதியினுக்கு வந்து, அந்நிய தெய்வத்துக்குப் பலியிடச் சொன்னான். மத்தத்தியா என்ற ஆசாரியர் மறுத்தார். பலியிட முன்வந்த யூதனையும் அந்த அதிகாரியையும் பலிபீடத்தருகிலேயே வெட்டிவிட்டு, மகன்களோடு மலைக்கு ஓடினார். அவர் மகன் யூதா மக்கபே கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தான். இன்றும் யூதர்கள் கொண்டாடும் ஹனுக்கா அந்த நாளின் நினைவுதான். எல்லோரும் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு வேண்டியது இதற்குப் பின்னால் நடந்தது: ஆசாரிய அங்கியும் ராஜ கிரீடமும் ஒரே கையில் சேர்ந்த கதை.

யூதா போரில் மடிந்தபின் தம்பி யோனத்தான் தலைமைக்கு வந்தான். கி.மு. 152இல் செலூக்கிய சிம்மாசனத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் யூதப் படை தேவைப்பட்டது. அதில் ஒருவனான அலெக்சாந்தர் பாலாஸ், யோனத்தானைப் பிரதான ஆசாரியனாக நியமித்துக் கடிதம் எழுதி, கூடவே செந்நிற ஆடையும் பொன் கிரீடமும் அனுப்பினான். அந்த ஆண்டு கூடாரப் பண்டிகையில் யோனத்தான் பரிசுத்த அங்கியை உடுத்திக்கொண்டான்.

அந்தப் பதவிக்கு ஒரு விலை ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. கி.மு. 175இல் யாசோன் என்பவன் அந்தியோகுவுக்குப் பணம் கட்டி அதை வாங்கினான். சில ஆண்டுகளில் மெனெலாவு என்பவன் 300 தாலந்து கூடுதலாகத் தருவதாகச் சொல்லி அவனைத் தள்ளினான். அந்தக் கேவலத்தால் கொதித்துப்போன நாட்டில்தான் மத்தத்தியாவின் வாள் உருவப்பட்டது. இப்போது அவருடைய மகனே ஓர் அந்நிய அரசனின் கையிலிருந்து அங்கியைப் பெறுகிறான். யோனத்தானை நான் பேராசைக்காரன் என்று சொல்ல மாட்டேன். நாற்காலி காலியாக இருந்தது, போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த வம்சத்தின் எல்லாச் சிக்கலும் அந்தப் பண்டிகை நாளில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

இஸ்ரவேலின் பழைய ஏற்பாடு வேறு. ஆசாரியத்துவம் லேவி கோத்திரத்தில் ஆரோன் வம்சத்துக்கு. அரசு யூதா கோத்திரத்தில் தாவீதின் வம்சத்துக்கு. மக்கபேயர் ஆரோன் வம்ச ஆசாரியர்கள்தான், ஆனால் பரம்பரையாகப் பிரதான ஆசாரியர்களைத் தந்த சாதோக்கின் குடும்பமல்ல. தாவீதின் வம்சம் அறவே இல்லை.

கி.மு. 140இல் மக்கள் கூடி, கடைசிச் சகோதரன் சீமோனைத் தலைவனாகவும் படைத்தளபதியாகவும் பிரதான ஆசாரியனாகவும் ஏற்றுக்கொண்டு, அதை வெண்கலப் பலகையில் பொறித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்குள் ஒரு நிபந்தனை உண்டு: நம்பத்தக்க ஒரு தீர்க்கதரிசி எழும்பும்வரை. என்றென்றைக்கும் என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அதற்கு ஓர் எல்லையும் வைத்தவர்கள் அவர்கள். நாங்கள் செய்வது தற்காலிக ஏற்பாடு, இறுதி வார்த்தை எங்களுடையதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

திங்கள், எருசலேம்

நாள் முழுக்க இஸ்ரேல் அருங்காட்சியகம். நான் பார்க்க விரும்பியவை இரண்டே பொருட்கள்.

ஒன்று, உசியா ராஜாவின் கல்வெட்டு. ஒலிவமலையிலிருந்த ரஷ்ய மடத்தின் சேகரிப்பில் 1931இல் சுகெனிக் என்ற அறிஞர் கண்டெடுத்தது. அரமேய மொழியில் நான்கே வரி: யூதாவின் ராஜா உசியாவின் எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன, திறக்காதே. உசியா வாழ்ந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. கல்வெட்டு அதற்குப் பல நூற்றாண்டு பின்னால், இரண்டாம் ஆலயக் காலத்தில் வெட்டப்பட்டது.

என்னோடு வந்திருக்கும் அக்கா, ஊரில் ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவள். கல்லின் முன்னால் நின்று இரண்டாம் நாளாகமம் 26ஆம் அதிகாரத்தை எனக்கு மனப்பாடமாகச் சொன்னாள். உசியா பலத்தவனானபின் மனம் மேட்டிமையாகி, தானே தூபம் காட்ட ஆலயத்துக்குள் போகிறான். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு 80 ஆசாரியரும் உள்ளே போய் ராஜாவை மறிக்கிறார்கள். இது உமக்கு உரியதல்ல, வெளியே போம் என்கிறார்கள். கோபத்தில் நிற்கும் ராஜாவின் நெற்றியில் குஷ்டம் தோன்றுகிறது. சாகும்வரை அவன் தனி வீட்டில் வாழ்கிறான்.

"ஏல, அந்த எண்பது பேரை யோசிச்சுப் பாரு. ராஜா கையில தூபகலசம். இவங்க கையில ஒண்ணும் இல்ல. வழியை மறிச்சு நின்னாங்க பாத்தியா?"

"ராஜாவே பிரதான ஆசாரியனா இருந்திருந்தா மறிக்க யாருக்கா இருந்திருப்பா?"

"அதுக்குத்தான் ரெண்டும் ஒரே ஆள் கையில இருக்கக் கூடாதுங்கறது."

அடுத்தவன் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே நாத்தான் தீர்க்கதரிசி "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல முடிந்ததும் இதனால்தான். உபாகமம் 17ஆம் அதிகாரம் ராஜாவுக்குக் குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருக்கிக்கொள்ளாதே என்கிறது. லேவியரான ஆசாரியரிடம் உள்ள பிரமாணத்தைப் பார்த்துத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி, ஆயுள் முழுக்க வாசி என்கிறது. அதிகாரத்துக்கு வேலி போட்டது பக்திக்கு வெளியே நின்றவர்கள் அல்ல. வேதமே போட்ட வேலி அது. இதற்கு எதிரான நடப்பும் வேதத்தில் உண்டு: சாலொமோன் தனக்கு வேண்டாத ஆசாரியன் அபியத்தாரை ஆனதோத்துக்குத் துரத்திவிட்டு சாதோக்கை அந்த இடத்தில் வைத்தான். வேலி இருந்தது, அது அடிக்கடி மிதிபட்டது.

இரண்டாவது பொருள், சீமோனின் பேரன் அலெக்சாந்தர் யன்னாயின் காசு. கி.மு. 103 முதல் 76 வரை ஆண்டவன். சுண்டுவிரல் நகத்தளவு வெண்கலம். ஒருவகைக் காசில் ஒருபுறம் நங்கூரம், மறுபுறம் மலர், 'ராஜாவாகிய யோனத்தான்' என்ற எழுத்து. அவனுடைய எபிரெயப் பெயரும் யோனத்தான்தான். இன்னொரு வகையில் மாலை வளையத்துக்குள், 'பிரதான ஆசாரியனாகிய யோனத்தானும் யூதர்களின் சபையும்' என்று பழைய எபிரெய எழுத்தில் இருக்கிறது. இந்த இரண்டாவது வகையில் சில, முதல் வகைக் காசின் மேலேயே திரும்ப அச்சடிக்கப்பட்டவை. கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து பார்த்தால், ஆசாரியன் என்ற எழுத்துகளுக்கு அடியில் பழைய நங்கூரத்தின் கொக்கி மங்கலாகத் தெரிகிறது. ராஜா என்று அடித்ததை அவனே ஏன் மறைத்தான் என்பதற்குப் பல விளக்கம் உண்டு. வேதச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயர் கட்சியின் எதிர்ப்புக்குப் பணிந்தான் என்பது அவற்றில் ஒன்று.

அந்த எதிர்ப்பு அவன் தகப்பன் யோவான் ஹிர்கானுவின் காலத்திலேயே கிளம்பிவிட்டது. ஒரு விருந்தில் ஹிர்கானு, என்னிடம் குறையிருந்தால் சொல்லுங்கள் என்று பரிசேயரைக் கேட்டான். எலெயாசார் என்ற ஒருவன் எழுந்து, நீதிமானாக இருக்க விரும்பினால் பிரதான ஆசாரியத்துவத்தை விட்டுவிடும், மக்களை ஆள்வதோடு திருப்தியாக இரும் என்றான். அவன் சொன்ன காரணம், ஹிர்கானுவின் தாய் சிறைப்பட்டிருந்தவள் என்ற பழி. அது பொய் என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். ஆனால் கோரிக்கை பொய்யல்ல. ஹிர்கானு பரிசேயரை விட்டு, அவர்களுக்கு எதிர்க்கட்சியான சதுசேயர் பக்கம் சாய்ந்தான். யூத ரபிகளின் பெருந்தொகுப்பான தால்மூது இதே கதையை யன்னாய் மேல் ஏற்றிச் சொல்கிறது: ராஜ கிரீடம் உமக்குப் போதும், ஆசாரியக் கிரீடத்தை ஆரோனின் சந்ததிக்கு விட்டுவிடும்.

யன்னாய் விடவில்லை. ஒரு கூடாரப் பண்டிகையில் அவன் பலிபீடத்தருகே நின்றபோது, பண்டிகைக்காகக் கையில் வைத்திருந்த நார்த்தங்காய்களை மக்கள் அவன்மேல் வீசினார்கள். பதிலுக்கு 6,000 பேர் கொல்லப்பட்டதாக ஜோசிபஸ் எழுதுகிறார். நார்த்தங்காய் எறிந்தவர்களைக் கொன்றது ராஜாவின் படை. எறி வாங்கியது ஆசாரியனின் அங்கி. இரண்டுக்கும் உள்ளே இருந்தது ஒரே உடம்பு.

செவ்வாய், கும்ரான்

சாக்கடல் ஓரம், மேற்குக் கரைப் பகுதியில் இருக்கிறது கும்ரான். காலையிலேயே வெயில் கொளுத்தியது. இடிபாடுகளைச் சுற்றிவர அதிக நேரம் ஆகாது. எதிரே மஞ்சள் பாறையில் நான்காம் குகையின் வாய்கள் தெரிகின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்களைத்தான் நேற்று அருங்காட்சியகத்தின் வெள்ளைக் குவிமாடத்துக்குள் பார்த்தோம்.

எருசலேமின் பிரதான ஆசாரியர்மேல் மனம் கசந்து ஒதுங்கிய கூட்டம் ஒன்று எழுதியவை அவற்றில் பல. ஆபகூக் தீர்க்கதரிசிக்கு அவர்கள் எழுதிய விளக்கத்தில் 'துன்மார்க்க ஆசாரியன்' என்று ஒருவன் வருகிறான். தொடக்கத்தில் அவன் சத்தியத்தின் பெயரால் அழைக்கப்பட்டான், இஸ்ரவேலை ஆளத் தொடங்கியதும் அவன் இருதயம் மேட்டிமையானது, செல்வத்துக்காகப் பிரமாணங்களைக் காட்டிக்கொடுத்தான் என்கிறது சுருள். அவன் யூதா மக்கபேயின் தம்பி யோனத்தான் என்று பலரும், சீமோன் என்று சிலரும் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் குற்றச்சாட்டின் வடிவத்தைக் கவனியுங்கள். கெட்டவன் ஆசாரியனானான் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆள ஆரம்பித்ததும் ஆசாரியன் கெட்டான் என்கிறார்கள்.

நாகூம் தீர்க்கதரிசிக்கான விளக்கத்தில், மனிதரை உயிரோடு தொங்கவிடும் 'கோபச் சிங்கம்' வருகிறது. யன்னாய் தன்னை எதிர்த்த 800 பேரைச் சிலுவையில் அறைந்து, அவர்கள் கண்ணெதிரே மனைவி மக்களின் கழுத்தை அறுக்கச் செய்து, தான் விருந்துண்டபடி பார்த்தான் என்று ஜோசிபஸ் எழுதியதோடு இது பொருந்துகிறது. அதைச் செய்தவன் வருஷத்துக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய் மக்களின் பாவத்துக்காக நிற்க வேண்டியவன்.

இந்தக் கூட்டம் வெறுமனே வசைபாடவில்லை. மாற்று ஏற்பாட்டையும் எழுதி வைத்தார்கள். வரப்போகிற அபிஷேகம் பெற்றவர்கள் இரண்டு பேர்: ஆரோனிலிருந்து ஒருவர், இஸ்ரவேலிலிருந்து ஒருவர். ஆலயச் சுருள் என்று அழைக்கப்படும் நீண்ட ஆவணத்தில், ராஜாவோடு 12 பிரபுக்களும் 12 ஆசாரியரும் 12 லேவியரும் அமர்ந்து நியாயம் பேச வேண்டும், அவர்களைக் கேளாமல் அவன் எதையும் செய்யக்கூடாது என்று இருக்கிறது. தானாகப் போருக்குப் புறப்படும் முன் அவன் பிரதான ஆசாரியனிடம் போய், தேவ சித்தம் அறியும் கருவியான ஊரீம் தும்மீம் வழியாகக் கர்த்தரின் தீர்ப்பைக் கேட்டாக வேண்டும். கற்பனை அரசியல் சட்டம்தான். ஆனால் எந்த ஓட்டை வழியாக நாடு கெட்டது என்று தெரிந்தவர்கள் எழுதியது.

புதன், எரிகோ

எருசலேமிலிருந்து பகிர்வு வேனில் எரிகோ. கடல் மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. குளிர்காலத்தில் எருசலேம் நடுங்கும்போது இங்கே இதமான வெயில். அதனால்தான் மக்கபேய வம்சமும் பிறகு ஏரோதும் இங்கே அரண்மனை கட்டினார்கள். ஊருக்கு வெளியே, வாடி கெல்ட் ஓடை சமவெளியைத் தொடும் இடத்தில், துலூல் அபூ எல்-அலாயிக் என்ற மேடுகள். ஏகூத் நெட்சர் பல ஆண்டுகள் தோண்டிய இடம்.

மேட்டைச் சுற்றி நாங்கள் இரண்டு பேர், ஓட்டுநர், ஆடு மேய்க்கும் ஒரு பையன், அவ்வளவுதான். வேலியும் கிடையாது, அறிவிப்புப் பலகையும் கிடையாது. மண் செங்கல் சுவர்கள் மழையில் கரைந்து சரிந்திருக்கின்றன. சுவர் ஓரங்களில் சாம்பல் நிறச் சாந்து மட்டும் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருகருகே இரண்டு பெரிய நீச்சல் குளங்கள், நடுவே நடந்து போக அகலமான மேடை. ஓடை நீரை வாய்க்கால் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அரண்மனைக்குள் இருந்த சுத்திகரிப்புத் தொட்டிகள்தான் என் கண்ணை இழுத்தன. படிகள் இறங்கும் ஒரு தொட்டி, பக்கத்தில் நீர் சேர்த்துவைக்க இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் குழாய். ராஜா உல்லாசமாக நீந்த ஒரு குளம், ஆசாரியன் தீட்டுக் கழிக்க ஒரு தொட்டி. இரண்டு பதவியும் ஒருவனிடம் இருந்தபோது வீடு எப்படிக் கட்டப்படும் என்பது தரையிலேயே தெரிகிறது.

இந்தக் குளங்களில் ஒன்றில்தான், கி.மு. 35 வாக்கில், ஒரு பையன் மூழ்கடிக்கப்பட்டான்.

யன்னாயின் மனைவி சலோமே அலெக்சாந்திரா கி.மு. 76 முதல் 67 வரை ராணியாக ஆண்டாள். பெண் ஆசாரியத்துவம் ஏற்க முடியாது என்பதால் மகன் இரண்டாம் ஹிர்கானு அங்கி அணிந்தான். நாடு அமைதியாக இருந்த ஆண்டுகள் அவை. இரண்டு பதவியும் இரண்டு பேரிடம் இருந்ததற்கும் அந்த அமைதிக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அவள் கண்மூடியதும் மகன்கள் இருவரும் மோதிக்கொண்டு, தமஸ்குவில் இருந்த ரோமத் தளபதி பொம்பேயுஸிடம் நியாயம் கேட்டுப் போனார்கள். மூன்றாவதாக மக்களின் தூதுக்குழு ஒன்றும் போனது. எங்களுக்கு ராஜாவே வேண்டாம், தேவனுடைய ஆசாரியருக்குக் கீழ்ப்படிவதே எங்கள் வழக்கம், இவர்கள் ஆசாரிய வம்சத்தில் பிறந்தும் எங்களை அடிமைகளாக்கப் பார்க்கிறார்கள் என்று அது முறையிட்டது. கி.மு. 63இல் பொம்பேயுஸ் எருசலேமைப் பிடித்து மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே நடந்துபோனான்.

கி.மு. 40இல், ரோமின் எதிரிகளான பார்த்தியர் உதவியோடு வந்த அந்திகோனு, தன் பெரியப்பாவான இந்த இரண்டாம் ஹிர்கானுவின் காதுகளைச் சிதைத்தான். பல்லால் கடித்தான் என்றே ஒரு நூலில் எழுதுகிறார் ஜோசிபஸ். உடலில் ஊனமுள்ளவன் ஆசாரிய ஊழியம் செய்யக்கூடாது என்ற லேவியராகமச் சட்டத்தை, ஒரு கிழவனை நிரந்தரமாகத் தள்ளிவைக்கும் ஆயுதமாக்கினான்.

பிறகு கி.மு. 37இல் ரோமின் துணையோடு ஏரோது ஆட்சிக்கு வந்தான். இதுமேயக் குடும்பத்தவன், ஆரோன் வம்சமல்ல, அங்கியை அவனால் உடுத்த முடியாது. முதலில் பாபிலோனிலிருந்து வந்த அனானேலை நியமித்தான். தன் மகனை ஒதுக்கியதற்காக மாமியார் அலெக்சாந்திரா கொதித்தாள். எகிப்து ராணி கிளியோபாத்ராவுக்குக் கடிதம் போனது. வேறு வழியில்லாமல் மனைவி மரியம்னேயின் தம்பி, மக்கபேய வம்சத்தின் கடைசி வாரிசு அரிஸ்தோபூலுவுக்கு அங்கியைக் கொடுத்தான். அவனுக்கு வயது 17. கூடாரப் பண்டிகையில் அவன் அங்கியோடு பலிபீடத்தில் ஏறியபோது ஜனங்கள் கண்ணீரும் ஆரவாரமுமாக வாழ்த்தினார்கள். பண்டிகை முடிந்து எரிகோவில் விருந்து. வெயில் தாளாமல் குளங்களைச் சுற்றி நின்றார்கள். ஏரோதின் ஆட்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள், பையனையும் இறங்கச் சொன்னார்கள். இருட்டியதும் விளையாட்டுப்போல அவன் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினார்கள், மூச்சு அடங்கும்வரை. ஏரோது அழுதான், ஆடம்பரமாக அடக்கம் செய்தான்.

இது எந்தக் குளம் என்று சொல்ல முடியாது. அக்கா மேடையின் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தாள். இறந்து 2,000 வருஷம் ஆனவனுக்கு ஜெபம் எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை.

வியாழன், எருசலேம் பழைய நகரம்

சிலுவைப் பாதையின் முதல் நிலை, ஆலய வளாகத்தின் வடமேற்கு மூலையில் உமரியா பள்ளி இருக்கும் இடம். பயணக் குழுக்கள் இங்கே, இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பிலாத்துவை நினைத்துக்கொள்கின்றன. இதே பாறையின் மேல்தான் அந்தோனியா கோட்டை நின்றது. நான் தேடி வந்தது அதற்குள் இருந்த ஒரு கல் அறையை. பிரதான ஆசாரியனின் அங்கி அங்கேதான் பூட்டப்பட்டிருந்தது.

எப்படி அங்கே போனது என்பதை ஜோசிபஸ் விளக்குகிறார். ஆலயத்துக்குப் பக்கத்தில் முதலில் கோட்டை கட்டியவன் யோவான் ஹிர்கானு. பெரும்பாலும் அங்கேயே வசித்தான். அங்கியை உடுத்தும் உரிமை அவனுக்கு மட்டுமே. அதனால் ஊழியம் முடிந்து ஊருக்குள் வரும்போது அதைக் கழற்றித் தன் கோட்டையிலேயே வைத்தான். மகன்களும் அப்படியே செய்தார்கள். வசதிக்காகத் தொடங்கிய பழக்கம். பிறகு ஏரோது கோட்டையை விரிவாக்கி, மார்க் ஆந்தனியின் பெயரை வைத்தான். அங்கி உள்ளேயே இருக்கட்டும், அது தன்னிடம் இருக்கும்வரை மக்கள் கிளர்ச்சி செய்ய மாட்டார்கள் என்று நினைத்தான். அவன் மகன் அர்கெலாவும் அப்படியே. கி.பி. 6இல் ரோமர் நேரடி ஆட்சிக்கு வந்தபோது கோட்டையோடு அங்கியும் அவர்கள் கைக்குப் போனது.

ஆசாரியரும் பொருளாளர்களும் முத்திரையிட்ட அந்த அறையில் காவற்தலைவன் தினமும் விளக்கேற்றுவான். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஏழு நாள் முன்பு அங்கி வெளியே தரப்படும். சுத்திகரித்து, உடுத்தி, மறுநாளே திரும்ப ஒப்படைக்க வேண்டும். நீல அங்கி, ஓரத்தில் பொன் மணிகளும் மாதுளை வடிவங்களும், மார்பில் பன்னிரண்டு கற்கள், நெற்றியில் பொன் பட்டம். யாத்திராகமம் 28 அங்குலம் அங்குலமாக விவரிக்கும் அந்த உடையை ஒரு ரோமச் சிப்பாயிடம் கேட்டு வாங்கி உடுத்தியவர்களில், இயேசுவை விசாரித்த காய்பாவும் ஒருவர். சிரியாவின் ஆளுநர் வித்தேலியுஸ்தான் அதை யூதர்களின் பொறுப்பில் திருப்பித் தந்தார். சில ஆண்டுகளில் ரோம அதிகாரி பாதுஸ் மறுபடி கேட்டார். யூதத் தூதுக்குழு ரோமுக்குப் போய், கி.பி. 45இல் கிலவுதியு பேரரசரிடம் சாதகமான ஆணை வாங்கி வந்தது. ஒரு துணிக்காகப் பேரரசர்வரை போனார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. மக்களின் பாவத்துக்காக தேவனுக்கு முன் நிற்பவன் யாருடைய அனுமதியோடு நிற்கிறான் என்பதே அங்கே கேள்வி. மக்கபேயர் அங்கியை ஆலயத்திலேயே விட்டிருந்தால் அது இவ்வளவு சுலபமாக ரோமர் கைக்குப் போயிருக்காது.

ஏரோதின் காலம் முதல், கி.பி. 70இல் ரோமர் கையில் ஆலயம் எரியும்வரை 107 ஆண்டுகளில் 28 பிரதான ஆசாரியர்கள். ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பதவி அது. வலேரியு கிராத்து என்ற ரோம அதிகாரி, பிரதான ஆசாரியன் அன்னாவை நீக்கியபின், நாலைந்து ஆண்டுகளுக்குள் நான்கு பேரை மாற்றி மாற்றி வைத்தான். அன்னாவின் ஐந்து மகன்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

மதியம் யூதக் குடியிருப்பில் 'எரிந்த வீடு'. கி.பி. 70இல் தீக்கிரையான ஒரு வீட்டின் கீழ்த்தளம். 1970இல் நஹ்மான் அவிகாத் தோண்டினார். கரி படிந்த சுவர்கள், கல் பாத்திரங்கள், ஓர் இளம்பெண்ணின் கை எலும்பு. ஒரு கல் எடையில் 'பார் கத்ரோஸ்' என்ற பெயர். கத்ரோஸ் ஒரு பிரதான ஆசாரியக் குடும்பம். தால்மூது அந்தக் குடும்பத்தைப் பெயர் சொல்லியே சபிக்கிறது: கத்ரோஸ் வீட்டாரால் எனக்கு ஐயோ, அவர்கள் எழுதுகோலால் எனக்கு ஐயோ. அந்தப் புலம்பலின் கடைசி வரி இது: அவர்கள் பிரதான ஆசாரியர், மகன்கள் பொருளாளர், மருமகன்கள் மேற்பார்வையாளர், வேலைக்காரரோ எங்களைத் தடியால் அடிக்கிறார்கள்.

ரோமருக்கு எதிரான கலகம் வெடித்தபின், கலகக்காரரில் தீவிரமானவர்களான செலோத்தியர் ஒரு காரியம் செய்தார்கள். சீட்டுப் போட்டு, பன்னியா என்ற கிராமத்தானைப் பிரதான ஆசாரியனாகத் தெரிந்தெடுத்தார்கள். அவனை வயலிலிருந்து இழுத்துவந்து, நாடகத்தில் வேஷம் போடுவதுபோல அங்கியை மாட்டி, எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எருசலேமின் உயர்குடி ஆசாரியரான ஜோசிபஸ் இதை அருவருப்போடு எழுதுகிறார். எனக்குப் பன்னியாமேல் இரக்கம் வருகிறது. விலைக்கு வாங்கியவர்களும் ஆளுநர் கைகாட்டியவர்களும் உடுத்திக் களைந்த அங்கியை, கேட்காமலே உடுத்திவிடப்பட்ட ஒரே மனிதன் அவன்.

மேற்குச் சுவரின் தெற்கு முனையில் கி.பி. 70இல் மேலிருந்து தள்ளப்பட்ட கற்கள் இன்னும் தெருவில் குவிந்து கிடக்கின்றன. அந்தத் தெருவுக்கு அடியிலுள்ள பழைய வடிகாலில் 2011இல் ஒரு சின்னப் பொன்மணி கிடைத்தது. பிரதான ஆசாரியனின் அங்கி மணி என்று செய்திகள் பறந்தன. தோண்டியவர்களே அப்படி உறுதியாகச் சொல்லவில்லை, உயர்ந்த இடத்தில் இருந்த யாரோ ஒருவரின் உடையிலிருந்து விழுந்திருக்கலாம் என்றார்கள்.

வெள்ளி, யாப்னே

கடலோரச் சமவெளியில் சாதாரண ஊர். யூத அறிஞர் சபையின் தலைவர் ரபான் கமாலியேலின் கல்லறை என்று யூதர்களும், நபித் தோழர் அபூ ஹுரைராவின் அடக்கத்தலம் என்று முஸ்லிம்களும் போற்றிய மம்லூக் காலக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அழகான வளைவுகள்.

எருசலேம் முற்றுகையின்போது யோகனான் பென் சக்காய் என்ற வேத அறிஞர் சவப்பெட்டியில் படுத்து நகரத்தை விட்டு வெளியேறி, ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் 'யாப்னேயையும் அதன் அறிஞர்களையும் எனக்குத் தாரும்' என்று கேட்டதாகத் தால்மூது சொல்கிறது. கதையின் வடிவங்கள் பல. நடந்த காரியம் ஒன்று: ஆலயமும் அங்கியும் பலிபீடமும் போனபின், யூத சமயத்தின் அதிகாரம் படித்தவர்கள் கைக்கு வந்தது. பிறப்பு முக்கியமில்லாமல் போனது. வேதம் கற்ற முறைகேடான பிறப்புக்காரன், கல்லாத பிரதான ஆசாரியனுக்கு முந்தியவன் என்று, யூத வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா துணிந்து எழுதுகிறது.

அவர்களிடமும் அதிகார மமதை வந்தது. தலைவர் இரண்டாம் கமாலியேல், தேதிக் கணக்கில் தன்னோடு மாறுபட்ட ரபி யோசுவாவை, அவருடைய கணக்குப்படி பாவநிவாரண நாளன்று, அந்த நாளில் எடுத்துப் போகக்கூடாத தடியும் பணமும் கையிலேந்தித் தன் முன் வரச்சொன்னார். யோசுவா போனார். இன்னொரு முறை சபையில் அவரை நிற்கவைத்தே அவமானப்படுத்தியபோது மாணவர்கள் பொறுக்கவில்லை. கமாலியேலைத் தலைமையிலிருந்து இறக்கி, இளைஞரான எலெயாசார் பென் அசரியாவை வைத்தார்கள். வாசற்காவலனை நீக்கி எல்லோரையும் உள்ளே விட்டார்கள், அன்று நூற்றுக்கணக்கில் பெஞ்சுகள் கூடின. கமாலியேல் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போகிறார். சுவர்களெல்லாம் கரி. நீர் கரித்தொழில் செய்பவர் என்று சுவரைப் பார்த்தே தெரிகிறதே என்கிறார். அறிஞர்களின் பாட்டை அறியாத உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ என்கிறார் யோசுவா. பிறகு இருவரும் சமாதானமானார்கள், தலைமை பங்கிடப்பட்டது. யாரும் சிலுவையில் அறையப்படவில்லை, குளத்தில் மூழ்கடிக்கப்படவில்லை.

மாலை ஓய்வுநாள் தொடங்குவதற்குள் எருசலேம் திரும்பினோம். நாளை பேருந்து கிடையாது.

ஞாயிறு, பேத் சியாரிம்

கலிலேயாவின் விளிம்பில், ஹைஃபாவிலிருந்து தொலைவில்லாத குன்று. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த கல்லறைக் குகைகள். 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 20ஆம் குகையில் நூற்றுக்கு மேற்பட்ட கல் சவப்பெட்டிகள், சிங்கமும் கழுகும் செதுக்கியவை. 14ஆம் குகையில் ரபி சிமியோன், ரபான் கமாலியேல் என்ற பெயர்கள்.

கி.பி. 200 வாக்கில் மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹ-நாசி இந்த ஊரில் வாழ்ந்தவர். ரோமர் ஏற்றுக்கொண்ட யூதத் தலைவர், பெரும் பணக்காரர், அந்தக் காலத்தின் தலைசிறந்த அறிஞரும் அவரே. மோசேமுதல் ரபி யூதாவரை கல்வியும் பெருமையும் ஒரே இடத்தில் சேர்ந்து கண்டதில்லை என்று தால்மூது வியக்கிறது. கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன், யூதத் தலைவருக்கு ராஜாவிலிருந்து அதிக வித்தியாசமில்லாத அதிகாரம் இருக்கிறது என்று 3ஆம் நூற்றாண்டில் எழுதினார். சேரக்கூடாது என்று இவ்வளவு காலம் சொல்லிவந்தது மறுபடி சேர்ந்துவிட்டது.

அதைச் சேர்த்தே விட்டுப் போகாததுதான் ரபி யூதாவின் பெருமை என்பேன். சாகும்போது அவர் சொன்னதாகத் தால்மூது தருவது: என் மகன் சிமியோன் அறிஞன், என் மகன் கமாலியேல் தலைவன், ஹனினா பார் ஹாமா சபையில் முதலிடத்தில் அமரட்டும். மூன்று பேர், மூன்று வேலை, அதில் ஒருவர் குடும்பத்துக்கு வெளியே. குகையில் உள்ள பெயர்கள் அந்த மகன்களுடையவையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அக்கா அந்தச் சுவருக்கு முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நேத்து அந்தத் தகப்பன் பிரிச்சுக் கொடுத்த மாதிரி யன்னாயும் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம்லா" என்றாள். இந்தக் குடும்பத்தை இவ்வளவு சீக்கிரம் நேற்றைய மனிதர்களாக அவள் நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

தலைமைப் பதவி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ரோமப் பேரரசு கிறிஸ்தவமானபின் அதன் மரியாதை குறைந்தது. கி.பி. 415இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியு, கடைசித் தலைவர் ஆறாம் கமாலியேலின் கௌரவப் பட்டத்தைப் பறித்தார். கி.பி. 429இல் வெளியான சட்டம், அந்தத் தலைவர்கள் முடிந்துபோனார்கள் என்று குறிப்பிட்டுவிட்டு, அவர்களுக்காக யூதர்கள் செலுத்திவந்த காணிக்கையை இனி அரசக் கருவூலத்துக்குக் கட்டச் சொல்கிறது.